ஆமைக்குக் காவல்

அன்று இரவு கடற்கரையில் ஒரு வெடியும் வெடிக்கக் கூடாது. ஆழ்வாப்பிள்ளைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வெடி கேட்டால் கரைவலைக்காரரின் சின்னக் கோயிலில் மணி அடிப்பார்கள். அந்த மணியைக் கேட்டு வல்லிபுரத்துப் பக்கத்தில் சேமக்கலம் தட்டுவார்கள். சேமக்கலம் கேட்டால் கரவெட்டியில் ஊர் முழுக்கத் தப்பி ஓட வண்டி பூட்டும். வண்டி பூட்டினால் அவருடைய மகள் குணலட்சுமியையும் பாயோடு தூக்கி ஏற்றுவார்கள். இரத்தப்போக்கு இன்னும் நிற்காத அந்தப் பிள்ளை இன்னொரு தடவை வண்டியில் ஏறினால் உயிரோடு இறங்காது என்று நெல்லியடி ஆசுபத்திரி அப்போதிக்கரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முதல் தடவை ஊரை வண்டி பூட்ட வைத்தவர் வேறு யாருமல்ல, ஆழ்வாப்பிள்ளையேதான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் அது. கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தான். மலாயாவில் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளின் கடிதங்கள் மாசி மாதத்தோடு நின்றுபோய், வீட்டுக்கு வீடு பெண்கள் தபால்காரனைக் கண்டாலே எழுந்து நின்றார்கள். அடுத்தது பருத்தித்துறைதான் என்று சந்தையில் மீன் விற்கிறவள் முதல் கோயில் ஐயர் வரை சொன்னார்கள். துவக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர்களை எல்லாம் கடற்கரைக் காவலுக்கு வரச்சொல்லி மணியகாரர் கடதாசி அனுப்பினார். ஆழ்வாப்பிள்ளையிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. புகையிலை இலையில் புழு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவிச் சொல்லக்கூடிய மனுசன் அவர். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது உப்பு என்பது மட்டும். அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் மணற்காட்டுக்குத் தெற்கே ஒரு மணல் திட்டியில் கொட்டில் போட்டு இருத்தினார்கள்.

திருகோணமலையில் குண்டு விழுந்து பதினெட்டாம் நாள் விடியற்காலை, கொட்டிலை விட்டு இறங்கிய ஆழ்வாப்பிள்ளை மணலில் ஒரு தடத்தைக் கண்டார். கடலிலிருந்து நேரே மேலே ஏறியிருந்தது. இரண்டு முழத்துக்கும் மேலான அகலம். இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாய் மணலைக் கிளறிப்போன அடையாளம். அதற்கு முதல் கிழமைதான் நெல்லியடிக் கடையொன்றில் பேப்பரில் வந்த படத்தை அவர் பார்த்திருந்தார், சக்கரமில்லாமல் சங்கிலியில் ஓடுகிற யுத்த வண்டியின் படம். இரண்டும் ஒன்றுதான் என்று அவருடைய மூளை சொல்லிவிட்டது. துவக்கை வானத்துக்குத் தூக்கி வெடி வைத்தார்.

மணி அடித்தது, சேமக்கலம் கேட்டது, வண்டிகள் பூட்டின. நிறைமாதக் கர்ப்பிணியான குணலட்சுமி பெட்டகத்துக்கும் நெல்லு மூட்டைக்கும் நடுவில் இருந்து, கொடிகாமத்துக்குப் போகிற தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போனாள். முள்ளி வெளியில் ஒரு மரத்தின் கீழ் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, மூச்சில்லை. மத்தியானம் கரைவலைக்காரர் வந்து தடத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேராமை முட்டையிட ஏறின தடமாம். பிள்ளை செத்த கதை தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

மணியகாரர் துவக்கை ஆழ்வாப்பிள்ளையின் கையிலிருந்து வாங்கி அவருடைய மருமகன் சீவரத்தினத்திடம் கொடுத்தார். மாமன் திட்டியில் வெறுங்கையோடு நிற்பார். மருமகன் தெற்கே அரை மைலில் அடுத்த திட்டியில் துவக்கோடு நிற்பான். செத்துப்போன பிள்ளைக்குத் தகப்பன் அந்தச் சீவரத்தினம். அன்றிலிருந்து அவன் மாமனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

கரைவலைச் சம்மாட்டி பிலிப்புதான் விசயத்தைச் சொன்னவர். ஐம்பது வயது, சொந்தமாய் வலை வைத்திருந்து கடல் காற்றில் காய்ந்த மனுசன்.

"அண்ணை, ஆமை ஒருக்கா முட்டையிட்டிட்டு விடாது. பன்னிரண்டு பதின்மூண்டு இரவு கழிச்சு இதே கரைக்குத் திரும்பி வரும். அப்ப உங்கடை ஆக்கள் என்ன செய்யப் போகினம்?"

ஆழ்வாப்பிள்ளை போய் அதைக் காவல்காரரிடம் சொல்லிப் பார்த்தார். காவலுக்கு நின்ற கரவெட்டியாரும் துன்னாலையாரும் அவர் சொன்னதை நம்பவில்லை. அவர்கள் அறிந்த ஆமை குளத்தில் கிடக்கிற, சோற்றுக்கோப்பை அளவு ஆமை. "உந்தளவு ஆமை உலகத்திலை இருக்கோ? கரையார் தங்கடை வலையைக் காப்பாத்த விடுகிற கதை உது" என்று வடக்குத் திட்டியில் நின்ற ஏரம்பு அடித்துச் சொன்னான். அவனிடமும் ஒரு துவக்கு இருந்தது. இருட்டில் அந்த உருவம் கரையேறுவதைக் கண்டால் ஏரம்பு யோசிக்க மாட்டான். வெடிதான். ஆழ்வாப்பிள்ளை வீட்டில் மனைவி இரத்தினம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார், மணி அடித்தாலும் பிள்ளையை அசைக்க வேண்டாம் என்று. "ஊர் ஓடேக்கை என்ரை பிள்ளையை மட்டும் ஜப்பான்காரனுக்குக் குடுத்திட்டு இருக்கச் சொல்லுறியளோ?" என்று அவள் ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

"புரட்டிப்போட்டு விடன், பிலிப்பு. நீங்கள் பிடிக்கிறனியள்தானே?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"புரட்டினால் விடியுமட்டும் நாலு துடுப்புச் சிறகாலையும் அடிச்சு அடிச்சு மூச்செறியும். அந்தச் சத்தத்துக்கே உங்கடை ஏரம்பு வெடி வைப்பான். கலைச்சு விட்டாலும் பிழை. முட்டையோடை திரும்பினால் நாளைக்கு இன்னொரு இடத்திலை ஏறும், எங்கையெண்டு எனக்கும் தெரியாது. ஒரு வழிதான் இருக்கு. மற்றவன் காண முன்னம் நாங்கள் காண வேணும். அது தன்ரை வேலையை முடிச்சுப் போகுமட்டும் பக்கத்திலை கிடக்க வேணும். பேந்து தடத்தை அழிக்க வேணும்."

அப்படித்தான் கரவெட்டிப் புகையிலைக் கமக்காரர் ஒருவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆமை தேடிப் புறப்பட்டார். பின்னேரம் இரண்டு திட்டிக்கும் நடந்து போய், இன்றைக்கு ஆமை வரும், சுட வேண்டாம், நாங்கள் பக்கத்தில் நிற்போம் என்று சொன்னார். ஏரம்பு பல்லைக் காட்டினான். சீவரத்தினம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிலிப்பு போட்ட கட்டளைகள் கொஞ்சமல்ல. வெள்ளைச் சால்வை கூடாது. விளக்குக் கூடாது. சுருட்டுக் கூடாது. ஆமைக்கு முன்னால் போகக் கூடாது, காற்று எங்கள் பக்கம் வரவேண்டும், எங்கள் மணம் அதன் பக்கம் போகக் கூடாது. குழி தோண்டி முட்டை விழத் தொடங்கும் வரை விரல்கூட அசையக் கூடாது. தொடங்கிய பிறகு அது எதற்கும் எழும்பாது, அதற்கு முதல் ஒரு நிழல் ஆடினாலும் திரும்பிவிடும். சுருட்டில்லாமல் ஒரு இரவு என்பது ஆழ்வாப்பிள்ளைக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கொடுமை. ஆனாலும் சுருட்டுப் பெட்டியைக் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தார்.

தேய்பிறை நிலா இரண்டு மணிக்கு மேல்தான் கடலிலிருந்து எழும்பியது. அதுவரைக்கும் இரண்டு பேரும் ஈர மணலோரமாய் மேலும் கீழும் மூன்று தடவை நடந்துவிட்டார்கள். ஒன்றுமில்லை. நாலாம் தடவை பிலிப்பு திடீரென்று நின்று, ஆழ்வாப்பிள்ளையின் முதுகில் கையை வைத்து அழுத்தினார். இரண்டு பேரும் குப்புற விழுந்தார்கள்.

நுரைக்குள் ஏதோ ஒன்று கறுப்பாய் நின்றது. அலை வந்து மூடியது, வடிந்தது. அது அங்கேயே நின்றது. ஆமை என்று தெரிந்துதான் வந்திருந்தார்; ஆனாலும் ஆழ்வாப்பிள்ளைக்குப் பயம் பிடித்தது. இதைத் தனியே கண்டிருந்தால் அவரே வெடி வைத்திருப்பார். பிறகு அது மூச்சு விட்டது. வேலை முடிந்து பாரத்தை இறக்கி வைக்கிற மனுசனின் பெருமூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குப் பயம் போய் வெட்கம் வந்தது.

ஆமை ஏறத் தொடங்கியது. முன் சிறகு இரண்டையும் ஒன்றாக ஊன்றி, உடம்பைத் தூக்கி இழுத்து, தொப்பென்று விழுந்து, மூச்செறிந்து, மறுபடியும் ஊன்றி. ஒவ்வொரு இழுவைக்கும் இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாய் மணல் கிளறுப்பட்டது. பதின்மூன்று நாளுக்கு முன் அவர் கண்ட அதே தடம் அவருடைய கண்முன்னாலேயே மணலில் எழுதப்பட்டது.

ஆழ்வாப்பிள்ளை யாருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. தடத்தோடு கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தேன், எஞ்சின் இரைகிற சத்தமும் கேட்டது என்று மணியகாரரிடம் சொன்னார், ஊராரிடம் சொன்னார், மகளிடமும் சொன்னார். அவ்வளவும் பொய். அவர் ஒரு அடியும் போகவில்லை. இருபது அடி நடந்திருந்தால் திட்டியின் மறுபக்கத்தில் குழியைக் கண்டிருப்பார், திரும்பிக் கடலுக்குப் போன மற்றத் தடத்தையும் கண்டிருப்பார். கால் எழும்பவில்லை. வேட்டி நனைந்தது. நின்ற இடத்தில் நின்று வெடி வைத்தார்.

ஆமை அவர்களைக் கடந்து, பத்தடி தள்ளி, இராவணன்மீசைப் புல்லுப் பற்றைக்கு இப்பால் நின்றது. முன் சிறகால் மணலை வாரி எறியத் தொடங்கியது. ஒரு வாரல் வந்து ஆழ்வாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது. கண்ணுக்குள் மணல். கசக்கக் கையெடுக்கப் போனவரின் மணிக்கட்டைப் பிலிப்பு பிடித்துக்கொண்டார். ஒரு நண்டு காலில் ஏறி முழங்கால் வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கண்ணீர் ஓட ஓடக் கிடந்தார் மனுசன்.

அப்போதுதான் பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு நல்ல பழக்கம். அவருடைய சொந்தத் துவக்கு பூட்டுப்படுகிற சத்தம் அது.

தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். இன்னொரு பற்றைக்குப் பின்னால் சீவரத்தினம் ஒரு முழங்காலை ஊன்றி இருந்தான். துவக்கு முனை ஆமையைப் பார்த்தது. இன்றைக்கு ஆமை வரும் என்று அவனுக்குப் போய்ச் சொன்னதே தான்தானே என்று ஆழ்வாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வாயால் தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் மணலில் ஊர்ந்தார். விரல்கூட அசையக் கூடாது என்ற கட்டளையை மீறி, வயிற்றால் இழுத்து இழுத்து, துவக்கு முனைக்கும் ஆமைக்கும் நடுவில் போய்க் கிடந்தார். பிலிப்பின் வாய் திறந்தபடியே நின்றது. நல்ல காலம், ஆமை கடலுக்குப் போக எழும்பவில்லை.

"மாமா, விலகுங்கோ." பதின்மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை. அவனும் இரகசியக் குரலில்தான் பேசினான். ஆமை ஓடிவிடும் என்று அவனுக்கும் பயம்.

"தம்பி, வெடி வேண்டாம்."

"உது என்ரை பிள்ளையைத் திண்டது. நான் உதை விடமாட்டன்."

"வெடி கேட்டால் மணி அடிக்கும். மணி அடிச்சால் குணத்தை வண்டியிலை ஏத்துவினம். உமக்குத் தெரியாதே?"

"வெடி வைச்ச கையோடை நான் ஓடிப்போய் மணியை நிப்பாட்டுவன்."

கோயில் அரை மைல் தூரம். மணிக்காரன் கயிற்றுக்குக் கீழேயே படுக்கிறவன். துக்கம் தலைக்கேறினவன் கணக்கு அப்படித்தான் வரும். ஆழ்வாப்பிள்ளை அந்தக் கணக்கைப் பிழை பிடிக்கப் போகவில்லை. அவனுடைய விரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். விசையில்தான் இருந்தது. அந்த விசை சொல்லாமல் கொள்ளாமல் விழும் என்பது அவருக்குத்தான் தெரியும், பதினைந்து வருடமாய் அவருடைய துவக்கு.

"ஆமை ஒண்டும் செய்யேல்லை, தம்பி."

"பின்னை ஆர் செய்தது?"

ஆழ்வாப்பிள்ளை மணலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான்" என்றார்.

"அது ஊருக்கே தெரியும். நீங்கள் பிழையாய்ப் பாத்துப்போட்டியள்."

"பிழையாய்ப் பாக்கேல்லை. நான் பாக்கவே இல்லை." சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "தடத்தோடை போனனான் எண்டது பொய். எஞ்சின் சத்தம் கேட்டதெண்டதும் பொய். இருபது அடி நடந்திருந்தால் ஆமையெண்டு விளங்கியிருக்கும். எனக்குக் கால் வரேல்லை, தம்பி. நிண்ட நிலையிலை ஒண்டுக்குப் போச்சுது. அந்தப் பயத்திலை வெடி வைச்சிட்டன். பேந்து வெட்கத்திலை பொய் சொன்னன்."

துவக்கு முனை மெல்ல இறங்கியது. ஆமையை விட்டு இறங்கி ஆழ்வாப்பிள்ளையின் நெற்றிக்கு வந்து நின்றது. பின்னால் மணல் வாருகிற சத்தமும் நின்றுபோனது. ஆமைக்குக் கேட்டுவிட்டது. மூன்று மனுசரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். எழும்பப் போகிறதா? எழும்பினால் இவன் சுடுவான். எழும்பாவிட்டாலும் இப்போது என்ன செய்வான் என்று தெரியவில்லை. அலை வந்து போனது. இன்னொரு அலை வந்து போனது. பிறகு பின் சிறகு ஒன்று மணலைத் தோண்டி மெல்ல வெளியே வைக்கிற சத்தம் கேட்டது. மற்றச் சிறகு. திரும்பவும் முதல் சிறகு.

"குணத்துக்குச் சொன்னனீங்களோ?" என்று சீவரத்தினம் கேட்டான்.

"இல்லை."

"சொல்லுவியளோ?"

துவக்கு முனைக்கு நடுங்காத ஆழ்வாப்பிள்ளை அந்தக் கேள்விக்கு நடுங்கினார். சுட்டுவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெடிச் சத்தத்தை நினைத்துத்தான் அந்த நினைப்பை விட்டார். மகள் இன்னும் அவரை நம்பிக்கொண்டிருந்தாள். ஊர் சிரித்தபோதும், 'அப்பு பாத்திட்டுத்தான் வெடி வைச்சவர், ஆருக்கும் பிழை வரும்' என்று பாயில் கிடந்தபடி வாதாடினவள் அவள்.

"சொல்லுவன்."

"இண்டைக்கு."

"இண்டைக்கே சொல்லுவன்."

சீவரத்தினம் துவக்கைப் பிரித்துத் தோட்டாவை வெளியே எடுத்தான். மாமனிடம் கொடுக்கவில்லை. ஊர்ந்து வந்து பிலிப்பின் கையில் வைத்தான். பிலிப்பு அதை மடியில் செருகிக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டார்.

"தொடங்கீட்டுது" என்றார். "இனி வரலாம். பின்பக்கத்தாலை வாருங்கோ. தொட வேண்டாம்."

மூன்று பேரும் ஆமையின் வால்பக்கத்தில் தலையை வைத்துக் கிடந்தார்கள். குழி ஒரு கை ஆழத்துக்குக் குடம் மாதிரி வாய் சிறுத்து, அடி பெருத்திருந்தது. ஒரு கண்ணும் பார்க்காமல், பின் சிறகால் மட்டும் தோண்டின குழி. முட்டைகள் இரண்டும் மூன்றுமாய் விழுந்தன, வெள்ளையாய், வழுவழுவென்று. ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பு அப்படி வடியும் என்று பிலிப்பு சொன்னார். ஆழ்வாப்பிள்ளை அதைக் கேட்டும் நம்பவில்லை. சீவரத்தினம் முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருந்தான். எண்பதுக்கு மேல் அவனுடைய குரல் உடைந்தது. எண்ணுவதை மட்டும் அவன் விடவில்லை.

மூடி, மேலே உடம்பால் அமத்தி, சுற்றிவர மணலை எறிந்து இடத்தைக் கலைத்துவிட்டு ஆமை திரும்பியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. பிலிப்பு வானத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். முப்பது கஜம் போகவேண்டும். அது நாலு இழுவைக்கு ஒருமுறை நின்று களைப்பாறிக்கொண்டு போனது.

பாதி தூரத்தில் வடக்குத் திட்டியின் உச்சியில் ஒரு ஆள் தெரிந்தான். ஏரம்பு. காவல் மாறுகிற நேரம். அவன் குனிந்தான், பிறகு துவக்கு தோளுக்கு ஏறுவது தெரிந்தது.

"எழும்புங்கோ" என்று ஆழ்வாப்பிள்ளை கத்தினார். "எழும்பி நில்லுங்கோ! ஆக்கள் எண்டு தெரியட்டும்!"

மூன்று பேரும் எழும்பினார்கள். ஆமைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவரும், பின்னால் ஒருவருமாய், நாலு அடி தள்ளி நின்று, அதன் வேகத்துக்கே நடந்தார்கள். சீவரத்தினம் பிரித்த துவக்கைத் தலைக்கு மேலே குறுக்காய்ப் பிடித்தான்.

"ஏரம்பண்ணை! நாங்கள்! சுடாதையுங்கோ!"

காற்று எதிர்க் காற்று. கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. துவக்கு இறங்கவில்லை. ஆமை நின்றது, அவர்களும் நின்றார்கள். ஓடினால் ஓடுகிறவனைச் சுடுவான், விட்டுப்போனால் ஆமையைச் சுடுவான். ஆழ்வாப்பிள்ளை தன் மகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றார். ஆமை மூச்செறிந்து மறுபடியும் இழுத்தது. அவர்களும் ஒரு அடி வைத்தார்கள். அப்படியே ஒரு அடி, இன்னொரு அடி, ஈர மணல், நுரை. முதல் அலை ஓட்டின் மேல் ஏறியதும், அவ்வளவு நேரம் பாறை மாதிரி இழுபட்ட உடம்பு மிதந்தது. அடுத்த அலையோடு அது இல்லை.

திட்டியில் ஏரம்பு துவக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தளவு ஆமை உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கும் கடைசியில் விளங்கிவிட்டது.

இளம்பனை வடலி ஓலை வெட்டி இழுத்துத் தடத்தை அழிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிலிப்பு தோட்டாவைச் சீவரத்தினத்திடம் திருப்பிக் கொடுத்தார். மாமனும் மருமகனும் வெய்யில் ஏற ஏறக் கரவெட்டிக்கு நடந்தார்கள். வல்லிபுரம் தாண்டியதும் ஒரு கடையில் சீவரத்தினம் தேத்தண்ணி வாங்கி ஒன்றை மாமனிடம் நீட்டினான். ஆழ்வாப்பிள்ளை அதை வாங்கிக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் வண்டி பூட்டத் தயாராய் முற்றத்தில் நின்றது, மாடு இரண்டும் பக்கத்தில் வைக்கோல் தின்றன. குணலட்சுமி விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இரவு ஒண்டும் கேக்கேல்லை, அப்பு. நான் நித்திரை கொள்ளாமல் காதைக் குடுத்துக்கொண்டு கிடந்தனான்."

"ஓம், பிள்ளை. ஒண்டும் இல்லை."

சீவரத்தினம் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. ஆழ்வாப்பிள்ளை பாய்க்குப் பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். இருபது அடியைச் சொன்னார். எஞ்சின் சத்தத்தைச் சொன்னார். வேட்டி நனைந்ததையும் விடவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளுடைய பாயின் ஓரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. அவள் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"அது பெரிசோ, அப்பு?"

"ஓம், பிள்ளை. நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்தாலும் தூக்கேலாது."

"எத்தினை முட்டை?"

"நூற்றுப் பதினெட்டு. தம்பிதான் எண்ணினவர்."

அவள் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பிப் புருசனைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முகட்டை.

"அதுகளை ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. மண்ணை மூடிப்போட்டு அது கடலுக்குப் போட்டுது. ரெண்டு மாதத்திலை தானாய்ப் பொரிச்சு ஓடுமாம். அதுக்கிடையிலை நரி கிண்டும், நாய் கிண்டும், ஆக்களும் கிண்டுவினம் எண்டு பிலிப்பு சொல்லுறார்."

குணலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் இருந்தார். குசினிக்குள் இரத்தினம்மா கஞ்சிக்கு உலை வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நீங்கள் போய்ப் பாருங்கோ" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"எவ்வளவு நாளைக்கு, பிள்ளை?"

"அதுகள் வெளியிலை வருமட்டும்."

ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். இரவு முழுக்க நித்திரையில்லாத கண் எரிந்தது, முழங்கால் வலித்தது. இரத்தினம்மா கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை. சீவரத்தினம் முன்னுக்குப் போய்ப் படலையைத் திறந்துவிட்டான். ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கடலுக்கு நடந்தார்.